மானிட்டருக்கு மாலை போட்ட நாள்

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை நாம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தூசி உள்ளே போனால் வைரஸ் வந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் நம்பினோம். கால் கழுவிவிட்டுப் போனவர்களும் உண்டு, நான் அந்த ரகம். இன்றைக்குப் பிள்ளைகள் கக்கூசுக்குள்ளேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ஒரு வைரஸும் வரக் காணோம்.

நாற்பதைத் தாண்டியும் நான் வீடியோ கேம் ஆடுகிறேன் என்பதை ஆபீசில் யாரிடமும் சொல்வதில்லை. அதுவும் புதுசு இல்லை, அந்தக் காலத்து ரோல் பிளேயிங் கேம்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். கண்ணில் பட்டவரிடமெல்லாம் நின்று பேச வேண்டும். சின்னச் சின்ன ராட்சசர்களை அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றி, பெரிய ராட்சசனிடம் போய் உதை வாங்கித் திரும்பி வந்து, மறுபடி பலம் ஏற்ற வேண்டும். ஒன்றை முடிக்க மாதக்கணக்காகும். தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக, முதலிலிருந்து கடைசிவரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். என் வீட்டுக்காரர், "இதுக்குச் சம்பளம் யார்னா தர்றாங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். சின்ன வயதில் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வர வேண்டியதாயிற்று. எப்படி எழுந்து வந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகும். அதைத்தான் சொல்லப்போகிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது நாங்கள் பெங்களூரில், ஒக்கலிபுரத்தில் இருந்தோம். தொண்ணூறுகளின் பின்பாதி. ரயில் போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் வீடு. அப்பாவுக்குப் பீன்யாவில் லேத் வேலை. அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா, பிரேசர் டவுனில் சொந்த வீடு கட்டியிருந்தார், பாங்க் உத்தியோகம். அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு வாசல்தான். அப்பாவோடு சண்டை வந்தால், "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்" என்பாள். போகமாட்டாள், ஆனால் சொல்வாள். அப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருப்பது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாமா தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பையன் ஒன்பதாவது வந்துவிட்டான், படிப்புக்கு வேண்டும் என்று. படிப்பு எங்கே நடந்தது? மாமா பையன் எஸ்.பி. ரோடு கடைத்தெருவிலிருந்து ஒரு காப்பி சிடி கொண்டுவந்தான். மேலே மார்க்கர் பேனாவால் வெறும் ஒரு நம்பர் எழுதியிருந்தது, கேமின் பெயர்கூடக் கிடையாது. அதற்குள்தான் எங்கள் ராஜ்ஜியம் இருந்தது.

அவனுக்கு விரல் வேகம், பொறுமை கிடையாது. கேமிலோ பக்கம் பக்கமாக இங்கிலீஷ். ஊரில் இருக்கிற கிழவனும் கிழவியும் ஒவ்வொரு கதை சொல்வார்கள், அதில் எங்கேயோ வழி ஒளிந்திருக்கும். ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான் வாசிப்பேன், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குகைக்கெல்லாம் மேப் போடுவேன். அவன் கீபோர்டைத் தட்டுவான். இந்த ஏற்பாடு எங்களுக்கு அருமையாக ஒத்துப்போனது. ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. ஜன்னலுக்கு வெளியே பேக்கரியில் பன் வேகும் வாசனை. மானிட்டருக்கு அத்தை, அதாவது மாமாவின் மனைவி, லேஸ் வைத்து ஓர் உறை தைத்திருந்தாள், பாவாடை மாதிரி. அதைத் தூக்கி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடுவரை எழுந்திருக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவே என்னைக் கொண்டுபோய் விடுவாள். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பாத்திரம் தேய்த்தார்கள், தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கினார்கள். என் அம்மா மட்டும் எனக்குத் தலை பின்னி, மல்லிகைச் சரம் வைத்து, நல்ல பாவாடை சட்டை போட்டு, மெஜஸ்டிக்கில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவாள். "கேம் ஆடறதுக்கு எதுக்கும்மா பூ?" என்று கேட்டால், "மாமா வீட்டுக்குப் போறே, பரதேசி மாதிரியா போவே?" என்பாள். மாமா பையனை டா போட்டுக் கூப்பிடாதே என்பதை மட்டும் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்வாள். நான் கேட்டதே இல்லை. பொம்பளைப் பிள்ளையைக் கம்ப்யூட்டர் கேம் ஆட அனுப்பிய ஒரே அம்மா என் அம்மாதான் என்று ஸ்கூலில் பீற்றிக்கொள்வேன்.

கேமில் எங்கள் கூட்டத்தில் நாலு பேர். பெயரை நாம் வைக்கலாம், ஆனால் நாலு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. வாள் வீரனுக்கு மாமா பையன் தன் பெயரை வைத்துக்கொண்டான், கம்ப்யூட்டர் அவனுடையதாயிற்றே. நெருப்பு மந்திரம் போடுகிற பெண்ணுக்கு என் பெயர். எதையாவது எரிக்கிற வேலை எனக்கு வேண்டியிருந்தது. மருந்து போடுகிற கிழட்டுச் சாமியாருக்கு அவனுடைய கணக்கு சார் பெயர். கோடாலிக் குள்ளனுக்குப் பக்கத்து வீட்டு நாய் பெயர்.

தசரா லீவு வரும்போது ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டோம். அதைக் காக்கிற பனி ராட்சசி எங்களை ஊதியே தள்ளினாள். எத்தனை தரம் செத்தோம் என்று கணக்கில்லை. வேறு வழி கேட்கலாம் என்று ஊருக்குள் திரும்பிப் போய், கிணற்றடிக் கிழவியிடம் மறுபடி பேசச் சொன்னேன்.

"ஒரே ஆள்கிட்ட எத்தன வாட்டி பேசுவே? சும்னே இரு" என்று கன்னடத்தில் அடக்கினான்.

"பேசுடா."

பேசினான். இந்தத் தடவை கிழவி புதிதாக ஒன்று சொன்னாள். வடக்குக் கோவிலில் கல்யாணம் செய்துகொள்கிற ஜோடியில் ஒருவர் அடிபட்டால் மற்றவருக்கு இரண்டு பங்கு பலம் வரும். நான் சத்தமாக வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் துள்ளினோம். கூட்டத்தில் இருந்த ஒரே பெண் நான். மாப்பிள்ளை யார் என்பதுதான் கேள்வி.

"குள்ளனைக் கட்டிக்கறேன்டா. அவன் கேடயம்தான் பெருசு" என்றேன்.

"அவனுக்கு ஸ்பீடே இல்ல. அவன் கோடாலியத் தூக்கறதுக்குள்ள நீ செத்துருவே. கத்திக்காரன்தான் கரெக்ட்."

"கத்திக்காரன் நீ."

"அதுக்கு இன்னா இப்போ? பாலம் தாண்டணுமா, வேணாமா?"

தாண்ட வேண்டும். இவ்வளவுதான் எங்கள் கல்யாணப் பேச்சு. சத்தியமாக இவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு மாமா வீட்டில் எப்போதும் கூட்டம். அம்மா காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அத்தைக்கு ஒத்தாசையாக வடைக்கு ஆட்டுவதற்கு. அப்பா அவருடைய ஃபேக்டரி பூஜைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கூட்டத்தை நடத்தி வடக்குக் கோவிலுக்குள் கொண்டுபோய்விட்டோம். பூசாரி மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். சரியாக அப்போது மாமா இரண்டு வாழைக்கன்றோடும் மாலையோடும் அறைக்குள் வந்தார்.

"ஆஃப் பண்ணுங்கப்பா. இன்னிக்கு அது சாமி. யாரும் தொடக் கூடாது."

கோவிலுக்குள் இருக்கும்போது கேமைச் சேவ் பண்ண முடியாது. வெளியே வந்து சத்திரத்தில் படுத்தால்தான் முடியும். இப்போது அணைத்தால் காலையிலிருந்து நடந்தது எல்லாம் போச்சு. மாமா வாழைக்கன்றைக் கட்டக் கயிறு தேடப் போன நிமிஷத்தில் மாமா பையன் ஸ்பீக்கரைத் திருகி அடக்கிவிட்டு, மானிட்டர் பட்டனை மட்டும் அமுக்கினான். திரை இருண்டது. மேசைக்கு அடியில் பெட்டி ஓடிக்கொண்டேயிருந்தது.

"அவருக்கு இன்னா தெரியும்? பூஜை ஆனதும் வந்து கன்டின்யூ பண்ணிக்கலாம்" என்றான். எனக்கும் அது சரியான யோசனையாகவே பட்டது.

மாமாவுக்கு எல்லாமே தடபுடலாக இருக்க வேண்டும். ஸ்கூட்டர், மிக்ஸி, அத்தையின் தையல் மெஷின், அரிவாள்மணை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டர்தான் அந்த வருஷத்து ராஜா. மேசையின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம், மானிட்டருக்குச் சாமந்தி மாலை, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மூன்று பொட்டு. மாமாவின் பாங்க் நண்பர்கள், அக்கம்பக்கத்தார், அத்தையின் அண்ணன் குடும்பம் என்று அறை நிறைந்துவிட்டது. அத்தையின் அண்ணனுக்கு என் வயதில் ஒரு மகள், பட்டுப் பாவாடையில் நின்றுகொண்டிருந்தாள். கற்பூரம் காட்டியாயிற்று. எல்லாரும் கும்பிட்டாயிற்று.

அத்தையின் அண்ணன்தான் ஆரம்பித்தார். "இன்னா மாப்ளே, இவ்ளோ பெரிய பொட்டி வாங்கி மால போட்டு மூடி வெச்சிருக்கே. ஒருவாட்டி போட்டுக் காட்டேன், நாங்களும் பாக்கறோம்."

"இன்னிக்கு ஆயுதத்த எடுக்கக் கூடாதுண்ணா" என்றாள் அத்தை.

"எடுக்க வேணாம். லைட்ட மட்டும் போட்டுக் காட்டறேன்" என்று சொல்லி மாமா மானிட்டர் பட்டனை அமுக்கினார். ஸ்பீக்கரையும் முழுசாகத் திருகிவிட்டார்.

மாலைக்கு நடுவில் கோவில் வந்தது. டிங் டிங்கென்று மங்கள வாத்தியம் மாதிரி ஏதோ ஒரு சங்கீதம். இரண்டு குட்டி உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, தலைக்கு மேலே நாலு நாலு எழுத்தில் எங்கள் பெயர்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி, யாராவது கீயைத் தட்டும்வரை போகாமல் நின்றது. அத்தையின் அண்ணன் எழுத்துக் கூட்டி வாசித்தார், வாசித்தபடியே தமிழில் சொன்னார். "இன்று முதல் இவங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி."

அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "டேய், சொல்லாம கொள்ளாம முடிச்சிட்டியா? தாலி எங்கடா?" என்று பாங்க்காரர் ஒருவர் மாமா பையன் முதுகில் தட்டினார். யாரோ பூஜைத் தட்டிலிருந்து அட்சதையை எடுத்து எங்கள் தலையில் போட்டார்கள். வாழைக்கன்று, மாலை, சந்தனம், கற்பூரப் புகை, எல்லாம் அப்படியே கல்யாண வீடு. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"நான் இல்ல. அவதான் கிழவிகிட்ட பேசச் சொன்னா, அவதான் இதெல்லாம் படிச்சா" என்றான் மாமா பையன். அழுதுவிடுவான் போல இருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

யாராவது விளக்கம் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். "கல்யாணம் பண்ணா பலம் டபுள் ஆகும் அத்த. அதுக்குத்தான்."

அறையே குலுங்கியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அம்மாவைத் தேடினேன். அவள் சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. அத்தையின் அண்ணனும் தன் தங்கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

அத்தை அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்கு வெளியே நான் நின்றேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"வாராவாரம் பூ வெச்சு சிங்காரிச்சு இட்டுனு வர்றப்பவே நெனச்சேன். எம்புள்ளைக்கு எங்கண்ணன் பொண்ண பேசி வெச்சிருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே இந்த வேல பண்றியா?"

"கொழந்தைங்க அண்ணி. விளையாட்டுதானே" என்றாள் அம்மா.

"கொழந்தைங்களுக்கு இந்தப் புத்தி எங்கேர்ந்து வரும்? பெரியவங்க சொல்லிக் குடுக்காமலா? விளையாடவா அனுப்பறே நீ? வளைச்சுப் போட அனுப்பறே."

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, அம்மா கையைக் கழுவினாள். வெளியே வந்து, "வாடி, போலாம்" என்றாள். மாமா தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுப் போம்மா" என்றார், அவருக்கே கேட்காத குரலில். "வயிறு சரியில்லண்ணா" என்று சொல்லி அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள். சுட்டு வைத்த வடை அப்படியே இருந்தது. என் தலையில் அட்சதை இருந்ததை பஸ்ஸில் ஏறின பிறகுதான் கவனித்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

அப்பா பொரி பாக்கெட்டும் ஸ்வீட் டப்பாவுமாகச் சந்தோஷமாக வந்தார். விஷயத்தைக் கேட்டவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது என்று முடிவு கட்டினார். "இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போகாதே." அதோடு அவருடைய விசாரணை முடிந்தது. பத்தாவது முடித்து பி.யு.சி.யில் கம்ப்யூட்டர் குரூப் எடுக்கிறேன் என்றபோதும் அதே பதில்தான், காமர்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரியவர்களுக்கு எதையாவது ஒன்றைக் குற்றவாளியாக்க வேண்டும், அது மறுபேச்சுப் பேசாத சாமானாக இருந்தால் வசதி.

அடுத்த வருஷம் நான் பெரியவளானேன். சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டுமே, மாமா வந்தார். தனியாக வந்தார். புடவையும் வளையலும் பழமும் ஒரு துணிப்பையில் இருந்தன, அம்மாதான் தட்டுகளில் எடுத்து வைத்தாள். நாலு பெண்கள் தட்டுத் தூக்கி மேளத்தோடு வர வேண்டிய சீர் அது. தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. மாமா கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "பாலத்தத் தாண்டிட்டானாம். உன்கிட்டே சொல்லச் சொன்னான்" என்றார். யாரைக் கட்டிக்கொண்டு தாண்டினான் என்று கேட்க வாய் வரை வந்தது. அத்தனை பேர் நடுவில் புதுப் புடவையைச் சுற்றிக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்கப்புறம் அம்மா அந்த வீட்டு வாசலை மிதித்தது மாமா காலமானபோதுதான். அவர் மகனுக்கு அத்தையின் அண்ணன் மகளையும் கட்டவில்லை, அவன் வேறு யாரையோ விரும்பிக் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். சாவு வீட்டில் அத்தை என் கையைப் பிடிக்க வந்தாள், நான் கொடுக்கவில்லை. என் அம்மாவின் பிறந்த வீட்டைப் பிடுங்கிக்கொண்டவள் என்று அவளைப் பற்றி என் புருஷனிடம், என் பிள்ளைகளிடம், கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அம்மா மட்டும் கூடச் சேர்ந்து திட்டமாட்டாள். "விடு, பழைய கதை" என்பாள். என்ன பெருந்தன்மை என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ ஒரு பழைய கேமில் குகைக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"உங்க அத்த அன்னிக்குச் சொன்னா இல்ல, அது தப்பில்லடி."

எதைச் சொல்கிறாள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் அதுக்குத்தான் உன்ன இட்டுனு போனேன். உன்ன அங்க குடுத்துட்டா எனக்கும் அந்த வீட்டுக்குப் போக ஒரு உரிம இருக்கும். அண்ணன் எத்தன நாளைக்கு? அவருக்கப்புறம் அண்ணி என்னை வான்னு சொல்லுவாளா? எனக்கு வேற வாசல் ஏது?"

பூவும் பொட்டுமாக நான் எதற்குக் கொண்டுபோகப்பட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை. அத்தைக்குத் தெரிந்திருந்தது. ஒருவேளை அந்த அறையில் சிரித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கலாம். நான் அவர்கள் நடுவில் நின்று பலம் டபுள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.

"இத்தன வருசம் ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அவன்மேல ஆசப்பட்டே. நான் அவசரப்பட்டு, அண்ணி கண்ணுல படறாப்போல பண்ணி, கெடுத்துட்டேன். உன் மூஞ்சப் பார்த்து அத எப்படிச் சொல்லுவேன்? இன்னிக்கும் நீ இதயே போட்டுப் பார்த்துனு இருக்கே."

"அம்மா, எனக்கு அவன்மேல ஒரு ஆசையும் கிடையாது. அப்பவும் கிடையாது. நான் கேம் ஆடத்தான் போனேன்."

அவள் கை நின்றது. "அதுக்கு மட்டுமா?"

"அதுக்கு மட்டும்தான். நான் அந்தக் குள்ளனைக் கட்டிக்கறேன்னுதான் சொன்னேன்."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிதுக்கின பருப்பையெல்லாம் கிண்ணத்தில் ஒதுக்கினாள். பிறகு, குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்போ உனக்கும் வேணாம், அவனுக்கும் வேணாம். அந்தக் கல்யாணத்துக்காகவாடி நான் எங்கண்ணன விட்டேன்?"